கடுகு பொரியும் பாதங்கள்

கோமளப்பேட்டைக் கிளை நூலகத்தின் நூலகர் தில்லைநாயகியின் உள்ளங்கால்களிலிருந்து கடுகு பொரியும் சத்தம் முதன்முதலாகக் கேட்டது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அப்போது வாசிப்பு அறையில் பதினேழு பேர் இருந்தார்கள்; பதினேழு பேரும் தலையைத் தூக்கி, நூலகத்துக்குள் இந்நேரம் யார் தாளிக்கிறார்கள் என்று பார்த்தார்கள், கறிவேப்பிலை வாசனை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினார்கள், வாசனை வராததால் ஜன்னல் வழியே எதிரிலிருந்த சந்திரகாசன் டீக்கடையைப் பார்த்தார்கள், அங்கே அடுப்பு அணைந்து கிடந்ததால் மறுபடியும் உள்ளே பார்த்தார்கள். சத்தம் சடசடவென்று வந்தது, கொஞ்சம் நின்றது, ஒன்றிரண்டாகப் பொரிந்தது, மறுபடி சடசடத்தது.

கூட்டிப் பெருக்குகிற செங்கமலம்தான் கண்டுபிடித்தாள். துடைப்பத்தோடு மேசைக்கு அடியில் குனிந்தவள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள், பிறகு தில்லைநாயகியின் பாதத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

"மேடம், உங்க கால்லேர்ந்துதான் வருது."

"தெரியும்," என்றாள் தில்லைநாயகி.

"ஐயோ மேடம், எவ்வளவு நாளா இப்படி?"

நாற்பத்தாறு வயதான, கல்யாணமாகாத, மேலதிகாரிகள் வந்தால்கூடக் குரல் உயர்த்தாத தில்லைநாயகி அந்த ஒரு கேள்விக்கு அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

ஏனென்றால் அதற்கு முந்தைய மூன்று வருஷமாக அவளுக்குக் கால் எரிந்துகொண்டிருந்தது, அதை யாரும் நம்பவில்லை. முதலில் வலது கட்டைவிரலின் நுனியில் தீக்குச்சியைக் கிழித்து வைத்தது போல ஒரு பொட்டாக ஆரம்பித்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பாதங்களுக்கும் பரவி, பிறகு கணுக்கால் வரை ஏறி உட்கார்ந்துகொண்டது அது. சில நாள் கொதிக்கிற மணலில் நிற்பது போல இருக்கும். சில நாள் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டியது போலச் சில்லிட்டுப் போகும். சில நாள் செருப்புக்குள் பொடிக்கல் கிடக்கிறதென்று கழற்றித் தட்டுவாள், ஒன்றும் விழாது. போர்வையின் விளிம்பு பட்டால் கத்தி பட்டது போல இருந்ததால் மார்கழியிலும் பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்தாள். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வியர்க்க, பாதம் மட்டும் வியர்க்காமல் காய்ந்த ஓலை போலக் கிடந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சர்க்கரை பார்த்தார்கள், இல்லை என்றார்கள். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. வைட்டமின் ஊசி போட்டார்கள். காலில் ஒயர்களை ஒட்டி ஷாக் கொடுத்து நரம்புகளைச் சோதித்த பெரிய டாக்டர், அச்சடித்து வந்த தாளை அவள் பக்கம் திருப்பி, "உங்க நரம்பு என் நரம்பைவிட நல்லா இருக்கும்மா, நிம்மதியாப் போய்ட்டு வாங்க," என்றார். கோயம்புத்தூரில் இருக்கிற தங்கை கோதையிடம் போனில் சொன்னபோது, "நார்மல்னு வந்தா சந்தோஷப்படணும்க்கா, நீ என்னடான்னா பரீட்சையில ஃபெயிலான மாதிரி பேசறியே," என்றாள். வீட்டுக்காரம்மா, தனியாக இருந்தால் மனசு எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்ளும் என்றாள். இன்னும் சிலர் சொல்லாமல் பார்த்தார்கள். தாலி கட்டிக்கொள்ளாத பெண்களுக்கு உடம்பு இப்படித்தான் வேஷம் போடும் என்று அந்தப் பார்வை சொன்னது. மூன்றாவது வருஷம் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஆகவே சத்தம் வந்தபோது அவளுக்குப் பயமே வரவில்லை. உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது, மறுநாள் ஊரே வந்தது. அரிசி மில் முதலாளியின் மனைவி வந்தாள், பூக்காரி வந்தாள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இடைவேளையில் வந்தார்கள், பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா வந்து கைகட்டி நின்று கேட்டுவிட்டு, இதில் தெய்வ காரியம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, உடம்பு காரியம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். வந்தவர்களெல்லாம் குனிந்து கேட்டார்கள், நிமிர்ந்து "ச்சு" கொட்டினார்கள். மருதாணி அரைத்துக்கொண்டு வந்தார்கள், விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள், வெந்நீரில் உப்புப் போடச் சொன்னார்கள், வெந்நீரே ஆகாது என்று அவர்களோடு சண்டை போட்டவர்கள் பழைய சோற்றுத் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். வீட்டுக்காரம்மா மாடிப்படி ஏறி வந்து, "நான் அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதே," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோதையை அழைத்துப் போனைப் பாதத்தின் பக்கத்தில் வைத்தாள் தில்லைநாயகி. மறுமுனையில் கோதை "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வலி ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்த ஒரு மாதம்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல மாதம் என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொண்டாள். நூலகத்துக்குள் அவள் நடந்து வரும்போதே பேச்சு தணிந்தது, யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற புத்தகத்தை எடுக்க அவளை எழுப்பாமல் அவர்களே ஏறி எடுத்தார்கள். அவளுக்கு நர்வ் டெஸ்ட் பார்த்த பெரிய டாக்டரிடம் மட்டும் ஒரு முறை போனாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைப் பாதத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் நார்மல் என்றார். "சத்தம் கேக்குது, நான் இல்லைங்கலை. ஆனா சத்தத்துக்கு டெஸ்ட் கிடையாதேம்மா," என்று வருத்தப்பட்டார்.

புரட்டாசி வந்தது, ஊர் பழகிக்கொண்டது.

பழகிக்கொண்ட ஊர் அடுத்து அதை உபயோகிக்கத் தொடங்கியது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுவது போல அது தானாக நடந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் வாயில் எச்சில் ஊறுகிறது என்று நூலகத்திலிருந்து வெளியே வருகிறவர்களெல்லாம் பஜ்ஜி கேட்டதால், டீ மட்டும் போட்டுக்கொண்டிருந்த சந்திரகாசன் வாணலி வைத்தார். வயிற்றுவலியில் வீரிடுகிற குழந்தைகளை அந்தச் சத்தம் தூங்க வைக்கிறது என்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொல்ல, மத்தியானங்களில் மூன்று நான்கு தாய்மார்கள் துணியை விரித்துத் தில்லைநாயகியின் மேசைக்கு அடியில் குழந்தைகளைக் கிடத்தினார்கள். அவள் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள், குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கின. எல்லோரையும்விட அதிகமாக அதை எடுத்துக்கொண்டவர்கள் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். தகர ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரி இருக்கிறது, கவனம் சிதறவில்லை, படித்தது மனதில் ஒட்டுகிறது என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து, வாசிப்பு அறை கொள்ளாமல் நடைபாதையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவள் முகிலரசி. கைக்குழந்தைக்காரி, இரண்டு முறை எழுதித் தவறிவிட்டாள், இந்த முறையும் விட்டால் வயது தாண்டிவிடும். அவளுக்குத் தில்லைநாயகியின் மேசைக்கு நேர் எதிரில் இடம். மேலே அவள் படித்தாள், கீழே அவள் குழந்தை தூங்கியது.

இத்தனை பேர் சூழ உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம், ஐப்பசி கடைசியில், வெளியூரிலிருந்து வந்த புத்தக விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வாசலில் நின்று, "என்ன சார் இது சத்தம்?" என்று கேட்டார்.

"என்ன சத்தம்?" என்றார்கள் எல்லோரும்.

"பொரியற சத்தம் கேக்கலை?"

அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மின்விசிறி கேட்டது, டீக்கடை ரேடியோ கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை என்று உண்மையாகவே சொன்னார்கள். தில்லைநாயகி மேசைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் பொய் சொல்லவில்லை. மில்லின் சத்தத்தையும், கோயில் ஒலிபெருக்கியையும், லெவல் கிராசிங்கைத் தாண்டுகிற ரயிலையும் மூடிக்கொண்டது போலவே ஊரின் காது அவள் கால்களின் மேலும் மூடிக்கொண்டுவிட்டது. சத்தம் அப்படியேதான் இருந்தது, அன்று இன்னும் அதிகமாகவே இருந்தது. அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அது கேட்கவில்லை என்றார்கள்.

நம்பாதவர்களுக்கு நடுவே இருந்த தனிமையை அவள் மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். நம்பி முடித்துவிட்டவர்களுக்கு நடுவே எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இனிமேல் எதைக் காட்டுவது? காட்டுவதற்கு மிச்சம் இருந்த ஒன்றையும் காட்டியாகிவிட்டது.

நகரத்து ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் நிலோஃபரிடம் அவள் போனது தை மாதத்தில். அந்தப் பெண் மின்சோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள், பிறகு ஒரு குண்டூசியையும் குளிர்ந்த இரும்புத் துண்டையும் எடுத்து அவள் கால் முழுக்கப் பட்டும் படாமலும் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்: இது சுருக்குன்னு இருக்கா, இது ஜில்லுன்னு இருக்கா, இங்கே? இங்கே? முக்கால் மணி நேரம் கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"மேடம், இதுவரைக்கும் பார்த்த டெஸ்ட் எல்லாம் பெரிய நரம்புக்கு. மெயின் ரோடு நல்லா இருக்கான்னு பார்த்திருக்காங்க, நல்லாத்தான் இருக்கு. தோலுக்கு அடியில சந்து பொந்து மாதிரி சின்ன நரம்பெல்லாம் இருக்கே, முடியைவிட மெல்லிசா, சூடு, குளிர், வலி, வியர்வை எல்லாத்தையும் பார்த்துக்கறது அதுங்கதான். அது அந்த டெஸ்ட்ல தெரியாது. தோல்ல கடுகளவு எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்."

கணுக்காலுக்கு மேலே ஒன்றும் தொடையில் ஒன்றுமாக இரண்டு துணுக்குகள் எடுத்தார்கள். அவை சென்னைக்குப் போய், மூன்று வாரம் கழித்துக் காகிதமாகத் திரும்பி வந்தன. இருக்க வேண்டிய மெல்லிய நரம்பு முனைகளில் கால்வாசிகூட அவள் கணுக்காலில் இல்லை என்று அந்தக் காகிதம் சொன்னது. ஸ்மால் ஃபைபர் நியூரோபதி என்று டாக்டர் பெயர் சொன்னாள். இருக்கிற முனைகள் காரணமில்லாமல் நெருப்பு நெருப்பு என்று கத்திக்கொண்டிருக்கின்றன, நெருப்பு இல்லை, ஆனால் வலி நிஜம் என்றாள். ஏன் வந்தது என்று கேட்டதற்கு, "பாதிப் பேருக்குக் காரணமே தெரியறதில்லை மேடம். உங்களுக்கும் தெரியலை," என்றாள். சரியாகுமா என்று கேட்டதற்கு, வலியைக் குறைக்கலாம், முனைகள் மெதுவாக வளர்ந்தாலும் வளரும், வளராமலும் போகும் என்றாள். பிறகு குனிந்து, பாதத்தருகே கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, இருபுறமும் பொரியும் ஒலி என்று கோப்பில் எழுதிக்கொண்டாள்.

தில்லைநாயகி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தாள், பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

மாத்திரை முதல் வாரம் தலையைச் சுற்ற வைத்தது, இரண்டாவது வாரம் பகலிலேயே தூங்க வைத்தது, மூன்றாவது வாரம் வேலை செய்தது. எரிச்சல் பாதிக்குப் பாதி இறங்கியது, சத்தமும் பாதியாக இறங்கியது. அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நாள் போர்வையைப் பாதம் வரை இழுத்துப் போர்த்திப் பார்த்தாள். தாங்க முடிந்தது, கால்மணி நேரம்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் ஊருக்கு என்னவோ ஆயிற்று. குழந்தைகள் மத்தியானத்தில் தூங்க மறுத்தன. சந்திரகாசனின் பஜ்ஜி ஆறிக் கிடந்தது, எண்ணெயில் குற்றமா மாவில் குற்றமா என்று அவர் இரண்டையும் மாற்றிப் பார்த்தார். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரே பக்கத்தை நாலு முறை படித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள், மின்விசிறியைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், மூடினார்கள். எது குறைகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தில்லைநாயகி மாத்திரை விழுங்குவதைப் பார்த்த செங்கமலம்தான், அதனால் கால் சத்தம் குறைந்திருக்கிறது என்று சொன்னாள். கேட்காமல் போயிருந்த சத்தம் இல்லாமல் போவது அவர்களுக்குக் கேட்டது.

தேர்வுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்கு, ஒன்பது பேர் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு பையில் ஆரஞ்சும் சாத்துக்குடியும் இருந்தன. முகிலரசிதான் பேசினாள், குழந்தை அவள் தோளில் முனகிக்கொண்டிருந்தது.

"மேடம், எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"இருபத்தி மூணு நாள்தான் மேடம். அதுவரைக்கும் அந்த மாத்திரையைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சீங்கன்னா..." அவள் நிறுத்தினாள். "எனக்கு இதுதான் கடைசி சான்ஸ். இந்த ரெண்டு வாரமா ஒரு வரி மண்டையில ஏற மாட்டேங்குது. இவனும் தூங்க மாட்டேங்கறான். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே போட்டுக்கங்க மேடம். நாங்களே வாங்கிட்டு வந்து தர்றோம்."

தில்லைநாயகிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. முகிலரசியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தாள், தோளில் நெளிகிற குழந்தையைப் பார்த்தாள். இவ்வளவு காலத்தில் தன்னிடம் யாரும் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை என்பதும் அவளுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதே வெட்கமாகவும் இருந்தது.

"சரி," என்றாள். "நிறுத்தறேன்."

ஒன்பது பேரும் மூச்சு விட்டார்கள்.

"மத்தியான மாத்திரை இன்னும் போடலை. இதோ இருக்கு." மேசை மேல், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில், அதை வைத்தாள். "ஆனா ஒண்ணு. இப்பலேர்ந்து ஒரு மணி நேரம் எல்லாரும் இங்க உக்காரணும். புஸ்தகம் வேண்டாம், போன் வேண்டாம், பேச்சு வேண்டாம். என் கால்ல வர்ற சத்தத்தை மட்டும் கேக்கணும். நாலு மணிக்கு எந்திரிச்சு, நிறுத்துங்க மேடம்னு இன்னொரு தடவை சொல்லுங்க. நிறுத்திடறேன்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் சும்மா இருப்பது பெரிய காரியமாக யாருக்கும் படவில்லை. முதல் கால்மணி நேரம் மின்விசிறியைக் கேட்டார்கள், தெருவில் போன ஆட்டோவைக் கேட்டார்கள், ஒருவன் கொட்டாவி விட்டான். சத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, தில்லைநாயகி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓரத்தில் இருந்த ஒருத்தி சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் நிமிர்ந்தான். அடைத்திருந்த காதுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறுவது போல ஒவ்வொருவருக்காக அது திறந்துகொண்டது. மழை போல இருக்கிறது என்று இத்தனை மாதம் சொன்னவர்கள், மழை இப்படி இருக்காது என்று உணர்ந்தார்கள். மழை இப்படி ஒரு இடத்தில் நின்று, காத்திருந்து, பிறகு பாய்வதில்லை.

"இப்ப வந்துச்சே, ஒண்ணே ஒண்ணு," என்றாள் தில்லைநாயகி, மெதுவாக, ஏதோ புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்கிற குரலில். "அது கட்டைவிரல்ல ஊசி ஏத்தின மாதிரி. சடசடன்னு வர்றது, தார் ரோட்ல வெறுங்காலோட ஓடற மாதிரி, நிழலே இல்லாம. இப்ப நின்னுச்சு பாருங்க. எல்லாத்தையும்விட இதுதான் மோசம். அடுத்தது எங்க வரும்னு காத்துக்கிட்டிருக்கணும்."

அந்த நிறுத்தத்தில் முகிலரசி தன் கால் விரல்கள் சுருட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். நிமிர்ந்து தில்லைநாயகியின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள், சத்தம் வருகிற போது அந்த முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சத்தம் மறுபடி பாய்ந்தது, முகம் அசையவில்லை, ஆனால் நாற்காலியைப் பிடித்திருந்த கைகளின் விரல் முட்டிகள் வெளுத்தன. முகிலரசி எழுந்தாள். அப்போது மணி மூன்று நாற்பதுகூட ஆகவில்லை. மாத்திரையையும் டம்ளரையும் எடுத்து அவள் கைக்கு அருகில் நகர்த்தினாள்.

"போட்டுக்கங்க மேடம்," என்றாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். பழப் பையை எடுத்துக்கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்று ஒருவன் தயங்கி, விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் அவர்கள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று செங்கமலம் சொன்னாள். திறந்துகொண்ட காது அந்த ஒன்பது பேரோடு நிற்காமல், ஜலதோஷம் போல ஊர் முழுக்கத் தொற்றியது. எல்லோருக்கும் மறுபடி சத்தம் கேட்டது, இந்த முறை கேட்டவர்களுக்கு அது எதைப் போலவும் இல்லாமல் வலியாகவே கேட்டது, அதனால் யாராலும் அதன் பக்கத்தில் இருக்க முடியவில்லை. தாய்மார்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். சந்திரகாசன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். செங்கமலம் பெருக்கிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் கிளம்பினாள், கிளம்பும்போது மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தாள். யாரும் வெறுப்பால் விலகவில்லை என்று தில்லைநாயகிக்குத் தெரிந்தது. கேட்காதபோது கூட இருந்தார்கள், கேட்டதும் போய்விட்டார்கள். நூறு பேர் உட்கார்ந்திருந்த அறையில் அலமாரிகளும் அவளும் மிஞ்சினார்கள்.

அவளோடு சவரிமுத்துவும் மிஞ்சினார்.

சவரிமுத்து ஓய்வுபெற்ற ரயில்வே கேட் கீப்பர், மனைவியை இழந்தவர், காலை ஒன்பதரைக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டு, யாரோடும் பேசாமல் பன்னிரண்டரைக்குப் போகிறவர். அந்த முதல் செவ்வாய்க்கிழமைப் பதினேழு பேரில் அவரும் ஒருவர். எல்லோரும் போன பிறகும் அவர் ஒன்பதரைக்கு வந்தார், பன்னிரண்டரைக்குப் போனார். நான்காவது நாள் தில்லைநாயகி தன் மேசையிலிருந்தே கேட்டாள்.

"உங்களுக்கு மட்டும் கேக்கலையா ஐயா?"

அவர் செய்தித்தாளை இறக்கினார். "கேக்குதே."

"எல்லாரையும் மாதிரி இப்பத்தான் மறுபடி கேக்குதா?"

"இல்லம்மா. அன்னைக்கு செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சதுலேர்ந்தே கேக்குது. நடுவுல நிக்கவே இல்லை."

"மத்தவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சே."

"எனக்குப் பழகாதும்மா," என்றார் அவர், தன் குறையைச் சொல்வது போல. "முப்பத்தோரு வருஷம் கேட்ல இருந்தேன். ரயில் சத்தம் காதுக்குப் பழகிடுச்சுன்னு வெச்சுக்கோங்க, ஒரு நாள் கேட்டைப் போட மறந்துடுவேன், ஜனங்க அடிபடும். பழகக் கூடாதுன்னுதான் எனக்கு உத்தியோகமே. இப்ப பழகணும்னு நெனச்சாலும் வர மாட்டேங்குது."

"இத்தனை மாசமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க," என்றாள் தில்லைநாயகி. அந்த ஒன்பது பேரிடம் வராத கோபம் இவரிடம் வந்தது.

"என்ன சொல்றதுன்னு தெரியலை."

"அதையாவது சொல்லியிருக்கலாம்."

அவர் யோசித்தார். "சொல்லியிருக்கலாம்," என்று ஒத்துக்கொண்டார்.

அவர் செய்தித்தாளைத் தூக்கினார், அவள் பதிவேட்டில் குனிந்தாள், சத்தம் சடசடத்தது, நின்றது, சடசடத்தது. ஆனால் பன்னிரண்டரைக்கு அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "இப்பக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு போல," என்றார். குறைந்துதான் இருந்தது.

தேர்வு வந்தது, போனது. முகிலரசி தேறினாள், பெரம்பலூர்ப் பக்கம் ஏதோ அலுவலகத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் ஒரு நாள் குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டுத் தனியாக நூலகத்துக்கு வந்து, மேசைக்கு எதிரில் பத்து நிமிஷம், முந்தானை நுனியைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பிறகு மற்றவர்களில் சிலரும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று வந்து போனார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான் என்று தில்லைநாயகி எடுத்துக்கொண்டாள்.

அவள் தன் கால்களோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டாள். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் பத்து எண்ண வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். பாதத்துக்கு நேராக ஒரு சின்ன மின்விசிறி வைத்துக்கொண்டாள். தையல் உறுத்தாமலிருக்கக் காலுறையைத் திருப்பிப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் வாய்க்கால் கரையில் இருபது நிமிஷம் நடந்தாள், வீட்டுக்கு வந்து சமையலறைச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்துக்கொண்டு காப்பி குடித்தாள். சில நாள் நன்றாக இருந்தது. சில நாள், ஏன் என்று தெரியாமலே, மாத்திரையை மீறிக்கொண்டு பழையபடி பொரிந்தது. வருஷம் திரும்பி வந்த சோதனையில் நரம்பு முனைகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறையாததே நல்லது என்றாள் டாக்டர் நிலோஃபர்.

அதற்கு அடுத்த மாசியில் சவரிமுத்து நான்கு நாள் சேர்ந்தாற்போல வரவில்லை. முதல் நாள் தில்லைநாயகி ஒன்பதரைக்கு வாசலைப் பார்த்தாள். இரண்டாவது நாள் பன்னிரண்டு மணி வரை பார்த்தாள். மூன்றாவது நாள் செங்கமலத்திடம் விசாரிக்கச் சொன்னாள், அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்திருப்பதாகத் தெரிந்தது. நான்காவது நாள் முழுவதும் நூலகத்துக்குள் யாரும் வரவில்லை. படிக்கப்படாத செய்தித்தாள் ஜன்னலோர நாற்காலியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

ஐந்தாவது நாள் பத்து மணிக்கு அவருடைய மருமகள் அவரைப் படியேற்றி வாசலில் விட்டுவிட்டுப் போனாள். வலது கண்ணில் கட்டு, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி. இடது கண்ணிலும் புரை முற்றியிருந்தது, அதற்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வரலாமென்று தில்லைநாயகி நாற்காலியில் எண்ண ஆரம்பித்தாள், ஐந்து எண்ணுவதற்குள் அவர் காது முன்னால் வரும்படி முகத்தைக் கொஞ்சம் திருப்பி, எதையோ கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர் போல, ஒரு மேசையிலும் இடிக்காமல், ஜன்னல் பக்கம் போகாமல், நேராக அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு ரொம்ப அதிகமா இருக்கேம்மா," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றாள் அவள். "காலையிலேர்ந்தே அதிகம்."

அவர் தலையாட்டினார், காற்றில் தடவி எதிர் நாற்காலியைக் கண்டுபிடித்து, உட்கார்ந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேப்பர் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சு."

"நாலு நாளா உலகத்துல என்ன நடந்துச்சுன்னே தெரியலை."

சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே, தில்லைநாயகி நான்கு நாள் செய்தித்தாள்களையும் எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டு, முதல் நாளின் முதல் பக்கத்திலிருந்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.